பழைய குவாட் 405 ஆம்ப்: சர்வீஸ் போதுமா, முழு அப்கிரேடா, புது கிளாஸ் டியா?

பழைய குவாட் 405 வைத்திருப்பவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். இத்தனை வருஷம் ஓடிவிட்டது, கப்பாசிட்டர் மட்டும் மாற்றினால் போதுமா, இல்லை ஐரோப்பாவிலிருந்து வரும் அப்கிரேட் கிட்டை வாங்கிப் போட்டுவிடலாமா, இல்லை இதை விற்றுவிட்டு மேலே கொஞ்சம் பணம் போட்டு, டிரான்சிஸ்டரை ஸ்விட்ச் மாதிரி வேகமாக ஆன் ஆஃப் செய்து ஒலியைப் பெருக்கும் ஒரு கிளாஸ் டி ஆம்ப் எடுத்துவிடலாமா. மூன்றையும் ஒரே அறையில் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிக் கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. என்னுடைய 405 சர்வீஸ் மட்டும் ஆனது, நண்பருடையது உள்ளே பாதிக்கு மேல் மாற்றிய முழு அப்கிரேட், மூன்றாவது பியூரிஃபை நிறுவனத்தின் மாட்யூல் போட்ட கிளாஸ் டி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அப்கிரேட் செய்த 405 பற்றி ஆளாளுக்கு எழுதும் வர்ணனைகளில் பாதிக்கு மேல் இரண்டு விஷயத்தால் வருகிறது. ஒன்று, செத்துக்கொண்டிருந்த பழைய கப்பாசிட்டர் போய்ப் புதிது வந்தது. இன்னொன்று, கெய்ன், அதாவது உள்ளே வரும் சிக்னலை ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது, மாறியது. இரண்டுமே சில்லறைச் செலவில் முடிகிற வேலை.

405 எப்படி வேலை செய்கிறது

இங்கிலாந்தில் ஹண்டிங்டன் ஊரில் பீட்டர் வாக்கரின் நிறுவனம் 1975ல் வெளியிட்ட ஆம்ப் இது. 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனலுக்கு 100 வாட். 'கரண்ட் டம்பிங்' என்ற இதன் சர்க்யூட்டுக்கு 1978ல் அந்த நாட்டு ராணியின் பெயரிலான தொழில்நுட்ப விருது கிடைத்தது. விஷயம் இதுதான்: சின்ன கிளாஸ் ஏ ஆம்ப் ஒன்று சுத்தமான சிக்னலைக் கொடுக்கிறது, பெரிய அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் கனமான கரண்டை மட்டும் தள்ளுகின்றன. பெரிய டிரான்சிஸ்டர் செய்கிற பிழை ஸ்பீக்கருக்குப் போகாமல் இருக்க நான்கு பாகங்கள் ஒரு பிரிட்ஜ் மாதிரி ஒன்றையொன்று சமன் செய்கின்றன: 3 மைக்ரோஹென்றி காயில், 47 ஓம், 500 ஓம், 120 பிக்கோஃபாரட். 500ஐயும் 47ஐயும் பெருக்கி 120 பிக்கோவால் பெருக்கினால் 2.82 மைக்ரோஹென்றி வரும், காயிலின் மதிப்புக்குக் கிட்டத்தில். இந்தக் கணக்கு உடையாத வரைக்கும் ஆம்ப் தன் வேலையைச் செய்யும்.

இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்றால், மற்ற பழைய ஆம்ப்களில் வருஷக்கணக்கில் நகர்ந்துபோகும் பயாஸ் செட்டிங் (பாட்டு இல்லாதபோது டிரான்சிஸ்டரில் ஓட வேண்டிய கரண்ட்டின் அளவு) என்பதே இதில் கிடையாது. திருகுவதற்கு ஒரு ப்ரீசெட் கூட இல்லை. "ட்யூன் பண்ணித் தருகிறேன்" என்று எந்த மெக்கானிக்காவது சொன்னால் எதை ட்யூன் பண்ணுவீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

1982ல் 405-2 வந்தது. காதுக்குத் தெரிகிற முக்கியமான மாற்றம் கரண்ட் லிமிட்டர், அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் கரண்ட்டுக்கு வைத்த உச்சவரம்பு. முதல் 405ல் அது ரொம்பக் கறார், 4 ஓம் பக்கம் இறங்கும் ஸ்பீக்கரில் சீக்கிரமே கையைப் பிடித்துவிடும். 405-2ல் அதைத் தளர்த்தினார்கள். உங்களிடம் இருப்பது எது என்று பின்பக்கம் பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் பதில் அதைப் பொறுத்தும் மாறும்.

எதை வைத்து முடிவு செய்வது

"சவுண்ட் எப்படி இருக்கு" என்பதைக் கடைசியில் வைக்கலாம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. உங்கள் ஸ்பீக்கர் எவ்வளவு ஓம், எவ்வளவு கீழே இறங்குகிறது. ஆம்புக்கு முன்னால் என்ன இருக்கிறது, பழைய குவாட் ப்ரீ ஆம்பா (வால்யூம் குமிழ் இருக்கும் முன் பெட்டி), 2 வோல்ட் தருகிற டாக்கா (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி). ஆம்ப் செத்தால் ஸ்பீக்கரையும் கூட இழுத்துக்கொண்டு போகுமா. நாளைக்கு ரிப்பேர் என்றால் உங்கள் ஊரில் யார் தொடுவார்கள். அப்புறம், திரும்ப விற்றால் போட்ட காசு வருமா. இவற்றுக்குப் பதில் தெரிந்தாலே பாதிப் பேருக்கு முடிவு தானாக வந்துவிடும், காதை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இருக்காது.

கெய்ன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த விவகாரம் முழுக்க அதில்தான் நிற்கிறது. 405க்கு 0.5 வோல்ட் உள்ளே கொடுத்தாலே முழு 100 வாட்டும் வெளியே வந்துவிடும். அது சுமார் 35 டெசிபல் கெய்ன். இன்றைய ஆம்ப்கள் பெரும்பாலும் 26, 29 டெசிபலில் நிற்கின்றன. இப்போதைய சிடி பிளேயரோ டாக்கோ முழு அளவில் தருவது 2 வோல்ட், அதாவது 405 கேட்பதைப் போல நான்கு மடங்கு. விளைவு? வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே கத்தும். குமிழின் அந்த ஆரம்ப இடத்தில் இடது வலது சமமாக இருப்பதில்லை. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது ஆம்ப் தன் எல்லையைத் தொட்டுக் கிளிப் ஆகும், சிக்னலின் முனை வெட்டுப்படும். "405 கடுமையாக ஒலிக்கும், மேல் சுருதியில் குத்தும்" என்று வந்திருக்கும் கெட்ட பெயரில் ஒரு பங்கு இதற்குத்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

கேட்ட விதம்

முதலில் எல்லாரும் செய்வதைப் போலவே, அளவு எதையும் சரிபார்க்காமல் ஆம்பை மாற்றி மாற்றிக் கேட்டோம். என் 405 பாய்ந்து வந்தது. மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் சாப்பு மூக்குக்கு முன்னால் நின்றது. நண்பருடைய அப்கிரேட் ஆம்ப் அதற்குப் பக்கத்தில் நிதானமாக, கொஞ்சம் பின்வாங்கி, "பக்குவமாக" இருந்தது. கிளாஸ் டி இரண்டையும்விட அடக்கம். மூன்றுக்கும் தனித்தனி விமர்சனம் எழுதிவிடும் அளவுக்கு வித்தியாசம் கேட்டது.

அப்புறம் மல்டிமீட்டரை எடுத்து ஸ்பீக்கர் டெர்மினலில் வைத்து அளந்தால், என்னுடையது மற்ற இரண்டையும்விட நன்றாகவே உரக்க ஓடிக்கொண்டிருந்தது. நண்பரின் கிட் கெய்னைக் குறைத்து வைக்கும் ரகம். பக்குவம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது.

நீங்களே செய்து பார்ப்பதாக இருந்தால்: போனிலோ கம்ப்யூட்டரிலோ 200 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஓட்டி ஏசி வோல்ட் அளவெடுங்கள். மலிவான மீட்டர்கள் பல 1 கிலோஹெர்ட்ஸில் சரியாகக் காட்டாது, அதனால்தான் 200. இரண்டு ஆம்பும் 0.1 டெசிபலுக்குள் வர வேண்டும், அதாவது 2 வோல்ட் என்றால் வித்தியாசம் 0.02 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. கையில் குமிழைத் திருப்பி "ரெண்டும் ஒரே அளவுதான்" என்று காதால் முடிவு செய்வது இதற்கு உதவாது, ஏனென்றால் கால் அரை டெசிபல் வித்தியாசம் காதுக்குச் சத்தமாகத் தெரியாது, "தெளிவு" என்றும் "உயிர்ப்பு" என்றும்தான் தெரியும். ஸ்விட்ச் பாக்ஸ் வைத்து மாற்றுவதாக இருந்தால் பிளஸ் மைனஸ் இரண்டு வயரையும் துண்டிக்கும் பாக்ஸாக இருக்கட்டும். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் ஓட்டும் பிரிட்ஜ் முறை ஆம்ப்களில் (405க்குள் இருக்கும் பிரிட்ஜ் வேறு) ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் கிடையாது, அதை இன்னொரு ஆம்பின் மைனஸோடு சேர்த்தால் புகைதான்.

அளவைச் சரிசெய்தபின் கேட்டது வேறு கதை. தம்புராவின் ரீங்காரம், வயலினில் வில் திரும்பும் இடம், மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்கி, எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் போட்டோம். எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டபோது சர்வீஸ் ஆன 405க்கும் அப்கிரேட் ஆன 405க்கும் எனக்கு வித்தியாசம் சொல்ல வரவில்லை. நண்பருக்கும் வரவில்லை, அவர் அதற்குச் செலவழித்தவர் என்பதைக் கவனியுங்கள். கிளாஸ் டியை மட்டும் இரண்டு சந்தர்ப்பத்தில் பிடிக்க முடிந்தது. பாட்டு இல்லாத நேரத்தில் ட்வீட்டரில் காதை வைத்தால் அதில் இரைச்சலே இல்லை. அப்புறம் நாகஸ்வரமும் தவிலும் உள்ள ஒரு பதிவை மண்டபச் சத்தத்துக்கு ஏற்றியபோது, 4 ஓம் ஸ்பீக்கரில் என்னுடைய 405 (அது முதல் மாடல்) தவிலின் அடியை மழுங்கடித்தது, கிளாஸ் டி அலட்டிக்கொள்ளாமல் கொடுத்தது. அது லிமிட்டர் வேலை செய்கிற சத்தம். 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டியதும் அந்த வித்தியாசமும் போய்விட்டது.

இதில் புதுமை ஒன்றுமில்லை. 1978லேயே குவாட் தன் மூன்று தலைமுறை ஆம்ப்களை, 1953ன் வால்வு குவாட் 2, டிரான்சிஸ்டர் 303, இந்த 405, மூன்றையும் அளவு பொருத்தி ஒரு குழுவைக் கண்மறைத்துக் கேட்க வைத்தது. குழுவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாக்கரின் கட்சி எப்போதுமே அதுதான்: நல்ல ஆம்புக்குச் சொந்தக் குரல் இருக்கக் கூடாது.

முதல் வழி: சர்வீஸ் மட்டும்

செய்ய வேண்டியவை குறைவு. பவர் சப்ளையில் உள்ள பெரிய ஃபில்டர் கப்பாசிட்டர்கள், போர்டுகளில் உள்ள சின்ன எலக்ட்ரோலிட்டிக் எல்லாம், சூட்டில் போர்டு பழுப்பேறிய இடங்களில் உள்ள ரெசிஸ்டர்கள், ஹீட் சிங்க் பேஸ்ட், பழைய டின் (DIN) சாக்கெட்டை எடுத்துவிட்டு இப்போது எல்லாவற்றிலும் வரும் ஆர்சிஏ சாக்கெட். இவற்றோடு இன்புட்டில் சிக்னலைக் குறைக்கும் ஒரு அட்டெனுவேட்டர். 405ன் இன்புட் 20 கிலோ ஓம், அதனால் வரிசையில் 10 கிலோ, கிரவுண்டுக்கு 5 கிலோ போட்டால் சுமார் 11 டெசிபல் குறையும், டாக் தரும் 2 வோல்ட் உள்ளே 0.57 வோல்ட் ஆகிவிடும், கிட்டத்தட்ட ஆம்பின் முழு அளவுக்குப் பொருந்தும். சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர், டீ செலவு. இந்த ஒரு மாற்றம் செய்த வித்தியாசம் வேறு எதுவும் செய்யவில்லை. குமிழ் நடுவில் நின்றது, ப்ரீ ஆம்பின் இரைச்சல் அடங்கியது, உச்சத்தில் குத்துவது நின்றது. ஒன்றே ஒன்று: ப்ரீ ஆம்ப் இப்போது 14 கிலோ ஓமைப் பார்க்கும். டிரான்சிஸ்டர் ப்ரீ ஆம்ப்களுக்கு அது ஒரு பொருட்டில்லை, வால்வு ப்ரீ ஆம்ப் வைத்திருப்பவர்கள் பாஸ் குறைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: உதிரிபாகம். சென்னை ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும், டூப்ளிகேட்டும் சேர்த்துத்தான் கிடைக்கும். கப்பாசிட்டரில் பெயரைப் பார்த்து ஏமாறாமல் பெரிய விநியோகஸ்தர்களிடம் பில்லோடு ஆர்டர் செய்துவிடுவது நல்லது. இன்னொன்று மின்சாரம். இதன் சப்ளை பிளஸ் மைனஸ் 50 வோல்ட். ஆம்ப் 220க்குச் செட் ஆகியிருந்து உங்கள் வீட்டில் ராத்திரி 250 வந்தால் அது 57ஐத் தொடும், 63 வோல்ட் கப்பாசிட்டருக்கு அது சுகமான இடமில்லை. 240க்கு மாற்றி வைக்கச் சொல்லுங்கள், வாங்கும்போதே 80 வோல்ட் கப்பாசிட்டராக வாங்குங்கள்.

இது யாருக்கு? 8 ஓம் ஸ்பீக்கர், சாதாரண அறை, நியாயமான சத்தம் என்று இருக்கிற எல்லாருக்கும். இன்னும் வெளிப்படையாகச் சொன்னால் இதைப் படிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு.

இரண்டாவது வழி: முழு அப்கிரேட்

இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பணம் அதிகம் போவது இதில்தான். கிட் என்ற பெயரில் வருவதில் நல்லதும் இருக்கிறது, சும்மா இருந்திருக்கலாமே என்று தோன்றுவதும் இருக்கிறது.

நல்லது முதலில். ஸ்பீக்கர் ப்ரொடெக்‌ஷன் போர்டு. 405ல் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 50 வோல்ட் டிசி நேராக ஸ்பீக்கருக்குப் போய் வூஃபரின் காயிலைக் கருக்கிவிடும், ஆரம்ப மாடல்களில் தடுக்க எதுவும் இல்லை. பிற்கால போர்டுகளில் ஒரு டிரையாக் (மின்னணு ஸ்விட்ச்) வைத்து அவுட்புட்டை ஷார்ட் செய்துவிடும் ஏற்பாடு வந்தது. ரிலே உள்ள தனி போர்டு அதைவிட நல்லது. கிட்டே வாங்காவிட்டாலும் இதை மட்டும் தனியாகப் போடலாம். முதல் மாடல் 405ஐ 405-2 அளவுக்கு லிமிட்டர் தளர்த்துவதும், உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம் என்றால், காதுக்குத் தெரிகிற உண்மையான மாற்றம். ஆனால் பழைய குவாட் எலக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் லிமிட்டரைத் தளர்த்தும் வேலையில் இறங்கவே கூடாது. 405ன் வோல்ட்டைத் தாங்க அந்தப் பேனலால் முடியாது, பொறி பறந்து ஓட்டை விழுந்தால் அந்தச் செலவுக்கு முன்னால் ஆம்ப் செலவு ஒன்றுமே இல்லை.

அடுத்தது ஆப் ஆம்ப், அதாவது இன்புட் பக்கத்தில் இருக்கும் சின்ன ஐசி, மாற்றுவது. ஆரம்பத்தில் போட்டது எல்எம் 301ஏ, 405-2ல் டிஎல் 071. அதை எடுத்துவிட்டு ஓபிஏ 134 போன்ற ஒன்றை மாட்டுவது எல்லாக் கிட்டிலும் உண்டு. இரைச்சல் கொஞ்சம் குறையும், அளந்தால் தெரியும். ஆனால் அதிவேக ஆப் ஆம்பைப் பழைய போர்டில் பக்கத்தில் டீகப்ளிங் கப்பாசிட்டர் இல்லாமல் சொருகினால் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஆடத் தொடங்கும், ஆம்ப் காரணமில்லாமல் சுடும், ட்வீட்டர் ஒருநாள் போகும். ஆஸிலோஸ்கோப் இல்லாதவர் கையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

அவுட்புட் டிரான்சிஸ்டர்: பழையது வேலை செய்கிறது என்றால் தொடாதீர்கள். அதற்கு மாற்றாக எல்லாரும் போடும் எம்ஜே 15003ல் போலிகள் ஏராளம், உள்ளே இருக்கும் சில்லு ரொம்பச் சின்னதாக இருக்கும், முதல் கனமான அடியில் போய்விடும். பிரிட்ஜின் அந்த நான்கு பாகங்களை "ஆடியோஃபைல் தரம்" என்று சொல்லி வேறு மதிப்பில் மாற்றும் கிட் எதுவாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள், மேலே சொன்ன கணக்கு உடைந்தால் 405 ஏன் 405 என்பதே இல்லாமல் போகிறது.

கடைசியாக டூயல் மோனோ சப்ளை (ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி பவர் சப்ளை), பெரிய டிரான்ஸ்ஃபார்மர், கட்டுக்கட்டாகக் கப்பாசிட்டர். செலவில் இதுதான் முதலிடம். பார்க்க ஜோராக இருக்கும். கேட்டதில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. தவிர இவ்வளவு மாற்றிய 405ஐ விற்கப் போனால் ஒரிஜினல் தேடுகிறவர் வாங்க மாட்டார், நவீனமாக வேண்டுபவர் புதிதாகவே வாங்கிக்கொள்வார். கிட்டுக்குக் கொடுத்த காசு திரும்பாது.

இது யாருக்கு? முதல் மாடல் வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கரை ஓட்டுபவருக்கு, அல்லது சால்டரிங் அயனைப் பிடிப்பதே ஞாயிற்றுக்கிழமை சந்தோஷம் என்று இருப்பவருக்கு. இரண்டாவது காரணம் மட்டமானதல்ல, அதைச் சவுண்டுக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

மூன்றாவது வழி: விற்றுவிட்டு கிளாஸ் டி

கிளாஸ் டி என்றால் ஆட்டோ ஸ்பீக்கர் சத்தம் என்று நினைத்த காலம் போய்விட்டது. பிலிப்ஸில் இருந்தபோது புரூனோ பட்சைஸ் என்ற பொறியாளர் தொடங்கிய வேலை, பிறகு ஹைபெக்ஸ் நிறுவனத்தின் என்கோர் மாட்யூல், அப்புறம் 2019ல் டென்மார்க்கின் பியூரிஃபை மாட்யூல் என்று வளர்ந்து, சிதைவு அளவில் 405ஐ எங்கோ பின்னால் விட்டுவிட்டது. அந்த வித்தியாசம் காதுக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை என்பது வேறு. எட்டுவது இரைச்சலில்லாத நிசப்தமும் 4 ஓமில் தளராத பலமும்தான். சூடும் கிடையாது. அலமாரிக்குள் மூடி வைக்க வேண்டியிருந்தால், சென்னை மே மாதத்தில் அது சின்ன விஷயமில்லை. 405ன் ஹீட் சிங்க்தான் அதன் முன்பக்க முகமே, அதற்குக் காற்று வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு ரிப்பேரில். மாட்யூல் முழுக்கப் பொடி எஸ்எம்டி பாகங்கள், சர்க்யூட் வரைபடம் வெளியே கிடைக்காது, வாரண்டி முடிந்தபின் போனால் மாட்யூலையே மாற்ற வேண்டும், அந்த மாடல் அப்போது உற்பத்தியில் இருந்தால். 405ன் சர்வீஸ் மேனுவலோ வேலை தெரிந்த எந்த மெக்கானிக்குக்கும் புரியும். நீங்கள் வாங்குவது பெரிய பெயரா, மாட்யூலை வாங்கிப் பெட்டியில் போட்டு விற்கும் சின்னக் கடையா என்பதையும் பாருங்கள். உள்ளே ஒன்றேதான், வெளியே விலை எங்கேயோ இருக்கும். இன்புட் பஃபர் கெய்னை மாற்ற ஜம்பர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பழைய குறைந்த வோல்ட் ப்ரீ ஆம்போடு சத்தம் பத்தாமல் போகலாம்.

இது யாருக்கு? 405ன் போர்டு ஏற்கெனவே கருகி, டிரான்ஸ்ஃபார்மர் உறுமுகிற நிலையில் இருப்பவருக்கு. உணர்திறன் அதிகமான ஸ்பீக்கர் வைத்து ராத்திரியில் மெதுவாகக் கேட்பவருக்கு, இரைச்சல் அவருக்குத்தான் உறுத்தும். வீட்டில் குழந்தைகள் ஆன் செய்து ஆஃப் செய்யும் சிஸ்டமாக இருந்தாலும் இதுவே சௌகரியம். 405ல் ஆன் ஸ்விட்ச்சே கிடையாது, ப்ரீ ஆம்பின் பின்னால் சொருகி ஓட்ட வேண்டும் என்று நினைத்துச் செய்தது.

வால்வு ஆம்புக்குப் போகலாமா?

இதையும் கேட்கிறார்கள். போகலாம், ஆனால் அது மேம்பாடு என்று நினைத்துப் போகாதீர்கள். பெரும்பாலான வால்வு ஆம்ப்களின் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம், ஸ்பீக்கரின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஒலியின் நிறமே மாறும். அந்த நிறம் பிடித்துப் போனால் 405 எவ்வளவு அப்கிரேட் ஆனாலும் அதைத் தராது, பிடிக்காவிட்டால் வால்வு மாற்றும் செலவுதான் மிச்சம்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும் முன்

எந்த வழியானாலும், வருஷக்கணக்கில் பரணில் கிடந்த 405ஐ எடுத்ததும் நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டு, ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்யுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, மங்காமல் எரிந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். மங்கினால், பல்பை எடுத்துவிட்டு ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி எவ்வளவு என்று பாருங்கள். சில மில்லிவோல்ட் சரி, 50ஐத் தாண்டினால் ஸ்பீக்கரை மாட்டாமல் அப்படியே சர்வீஸுக்கு அனுப்புங்கள். கழற்றும் பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டுத் திரும்பத் தரச் சொல்லுங்கள். மாற்றியதாகச் சொல்வதை உண்மையில் மாற்றினாரா என்று அதில் தெரிந்துவிடும், 405ஐ என்றாவது விற்கும்போது அந்த ஒரிஜினல் டிரான்சிஸ்டர்களையும் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.